கன்சல்டிங் கடையா, ஓனர் வீட்டு வாசலா? பழைய பைக்குக்கு எங்கே, எப்படி விலை பேசுவது

பழைய பைக் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள்: பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைப் பக்கம் போகாதே, ஓனரிடம் நேராக வாங்கு, ஐந்தாயிரமாவது மிச்சமாகும். அந்த ஐந்தாயிரம் உண்மைதான். வண்டியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது சட்டைப்பையில் தங்கும். தெரியாதவரிடமிருந்து முதல் மாதமே மெக்கானிக் கடைக்குப் போய்விடும். ஆகவே எது மலிவு என்று கேட்பதைவிட, எந்த இடத்தில் உங்கள் பேச்சு எடுபடும் என்று யோசிப்பது நல்லது. கடைக்காரருக்கு வண்டி சரக்கு. அடக்க விலையைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுகிறார். ஓனருக்கு அடக்க விலை என்ற ஒன்றே கிடையாது. மனதில் ஒரு தொகை இருக்கிறது, அந்தத் தொகைக்கு ஒரு கதையும் இருக்கிறது. இருவரிடமும் ஒரே மாதிரி பேரம் பேசுகிறவர் இரண்டு இடத்திலும் ஏமாறுவார்.

எங்கே போவதானாலும் அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். இது முன்பைவிட இப்போது அவசியம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் வரியோடு 80,000 ரூபாய்க்கு விற்ற பைக், அடிப்படை விலை மாறாவிட்டால் 73,750 ரூபாய்க்கு வந்துவிடும். 6,250 ரூபாய் குறைவு. 2024-இல் வாங்கியவர் தாம் கொடுத்த ஆன்ரோடு தொகையை (வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்தது) மனதில் வைத்துக்கொண்டு, "வாங்கி அதிக நாள் ஆகவில்லை, பத்தாயிரம் குறைத்துத் தருகிறேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. புது வண்டியே இறங்கிவிட்டது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். 350 சிசிக்கு மேல் நிலைமை தலைகீழ். அங்கே வரி 40 சதவீதமாகிவிட்டது. பெரிய பைக் விற்பவர் அதைச் சொல்லி விறைப்பாக நின்றால் அதில் நியாயம் உண்டு.

வயதும் விலையோடு சேர்ந்தது. பதிவு 15 ஆண்டுக்கு; பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பைக்குக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக ஏறியது. பசுமை வரி தனி, அலைச்சல் தனி. 13 வயது வண்டியை 9 வயது வண்டியோடு ஒப்பிட்டு விலை சொல்பவரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

கன்சல்டிங் கடையில்

கடைக்கு வண்டி வரும் வழிகள் சில உண்டு. புது வண்டி எடுப்பவர் ஷோரூமில் எக்ஸ்சேஞ்சாகக் கொடுத்தது, தவணை கட்டாமல் ஃபைனான்ஸ் நிறுவனம் பறிமுதல் செய்து ஏலம் விட்டது, அவசரச் செலவுக்காக ஒருவர் நேரே கொண்டுவந்து தள்ளிவிட்டது. எந்த வழியில் வந்தாலும் கடைக்காரர் சந்தை விலைக்குக் கீழேதான் வாங்கியிருப்பார். பிறகு வாட்டர் வாஷ், பாலிஷ், புது சீட் கவர், டயருக்குக் கறுப்புப் பூச்சு. வண்டி மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். கண்ணில் படும் எதற்கும் பேரத்தில் மதிப்பே கொடுக்கக் கூடாது.

"எனக்கே 60 அடக்கம் தம்பி" என்ற வாக்கியம் எல்லாக் கடையிலும் காதில் விழும். அதை மறுத்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. வண்டி கடைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கண்டுபிடிப்பதுதான் பயன் தரும். பிரேக் டிஸ்க்கில் துரு படிந்திருக்கிறதா, செல்ஃப் அடித்தால் பேட்டரி முனகுகிறதா, இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிந்து கிடக்கிறது, வரிசையில் பின்னால் போய் ஒதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். பல கடைகளில் முதல் போட்ட பணம் வட்டிக்கு வாங்கியது. இரண்டு மாதமாக நகராத வண்டிக்கு உங்கள் வாயிலிருந்து வரும் குறைந்த விலைகூட அவருக்குக் கேட்க இனிமையாக இருக்கும். நேற்று வந்த, எல்லோரும் தேடுகிற ஸ்ப்ளெண்டருக்கு அதே வேகத்தில் குறைத்துக் கேட்டால் அவர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விடுவார்.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை மூன்றாம் ஆளுக்குத் தெரியக் கூடாது என்பதே காரணம். கன்சல்டிங் கடைக்காரரும் அதே காரணத்தால்தான் கூட்டத்தில் கடைசி விலையைச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் நடுவே நின்று கேட்டால் வாய் விலைதான் கிடைக்கும். வாரநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாதபோது, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்கமாட்டோம் என்ற குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்த மாதங்களில் கடையில் ஈ ஓட்டுவார்கள். சகுனம் பார்க்காதவருக்கு ஆடிதான் நல்ல மாதம். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் புது வண்டி எடுப்பவர்களின் பழைய வண்டிகள் அதன் பின்னால் கடைக்கு வந்து சேரும். தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும், விலை குறைய ஆடி அளவுக்கு வாய்ப்பில்லை.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"கடைசியாகச் சொல்லுங்கள் அண்ணே."

"68 சொன்னது, உங்களுக்காக 66."

"64. பெயர் மாற்றமும் இன்சூரன்சும் உங்கள் பொறுப்பு. இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறேன்."

"64-க்குக் கொடுத்தால் பேப்பர் செலவு உங்களுடையது தம்பி."

இந்த இடத்தில் பலரும் இன்னும் ஐந்நூறுக்கு மல்லுக்கட்டுவார்கள். தேவையில்லை. ரூபாய் எண் நின்ற பிறகு பேரத்தைப் பொருளுக்கு மாற்ற வேண்டும். பின் டயர், பேட்டரி, செயின் ஸ்ப்ராக்கெட், பெயர் மாற்றம் ஆகியவற்றைக் கடைக்காரர் மொத்தக் கடையிலும் பழக்கப்பட்ட மெக்கானிக்கிடமும் சல்லிசாக முடித்துக்கொள்வார். உங்களுக்கு 2,500 ரூபாய் ஆகும் வேலை அவருக்கு அதைவிட நன்றாகவே குறைவாக முடியும். அதனால் ரூபாயைக் குறைக்க மறுக்கிறவர் டயரைப் போட்டுத்தர ஒப்புக்கொள்வார். ஆனால் "போட்டுத்தருகிறேன்" என்ற சொல் போதாது. போட்ட பிறகு பாக்கிப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரொக்கம் கையில் இருக்கிறது என்று கடையில் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் கடனில் வாங்கினால் ஃபைனான்ஸ் நிறுவனத்திடமிருந்து பல கடைகளுக்குக் கமிஷன் உண்டு. ஆகவே வண்டி விலை படியும்வரை ரொக்கமா தவணையா என்று வாய் திறக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். தவணைதான் வழி என்றால் வட்டிக் கணக்கைக் கவனியுங்கள். கடையில் சொல்வது பிளாட் வட்டி. 60,000 ரூபாய்க்கு 12 சதவீத பிளாட் வட்டி, இரண்டு ஆண்டு என்றால் வட்டி 14,400. மாதத் தவணை 3,100. கேட்க எளிதாக இருக்கிறது. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முழு 60,000-க்கும் போடப்படுகிறது. உண்மையான வட்டி ஆண்டுக்கு 21.6 சதவீதத்தைத் தொடுகிறது. நான்காயிரம் குறைத்துவிட்டேன் என்று மகிழ்ந்தவர் தவணைத் தாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

வரியும் உண்டு. ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடைக்காரர் பழைய வண்டியில் தமக்குக் கிடைக்கும் லாபத்தின் மீது, 2025 ஜனவரி முதல், 18 சதவீதம் கட்ட வேண்டும். தனி ஆள் தம் சொந்த பைக்கை விற்றால் இந்த வரி இல்லை. இரண்டு இடத்து விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி இதனால்தான். "பில் இல்லாமல் என்றால் கொஞ்சம் குறைக்கிறேன்" என்று கடையில் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாளைக்கு வண்டியில் வில்லங்கம் என்று போய் நிற்கும்போது, இந்தக் கடையில்தான் வாங்கினேன் என்று காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

வில்லங்கம் என்று சொன்னது சும்மா இல்லை. கடையில் நிற்கும் பைக்கின் ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, பெரும்பாலும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கும். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெயர் மாற்றப் படிவங்கள் 29-உம் 30-உம் கடை மேசைக்குள் இருக்கும். அந்த மனிதரை நீங்கள் பார்க்கவே போவதில்லை. கையெழுத்து அவருடையதுதானா, இந்த விலைக்கு வண்டி விற்பது அவருக்குத் தெரியுமா என்பதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் சாட்சி. இதைச் சரிசெய்யவே மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் அறிவித்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய வண்டி விற்கும் கடை போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். ஓனர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததை முறைப்படி தெரிவிக்க வேண்டும். சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் பேரத்தின் போக்கையே மாற்றுங்கள்: விலையில் 5,000 ரூபாயைப் பிடித்துவைத்து, ஆர்சி உங்கள் பெயருக்கு வந்த அன்று தருவதாகப் பேசுங்கள். என்னைக் கேட்டால் கடையில் வாங்கக்கூடிய மிகப் பெரிய சலுகை இதுதான். இரண்டாயிரம் ரூபாய்த் தள்ளுபடியைவிட இது மேல்.

ஓனர் வீட்டில்

இங்கே மரியாதைக்கு விலை உண்டு. கடைக்காரரிடம் வண்டியைக் குறை சொன்னால் அவர் சிரித்துக்கொள்வார். எட்டு வருடம் ஓட்டியவரிடம் அதே தொனியில் பேசினால் "வண்டி கொடுப்பதாக இல்லை" என்று உள்ளே போய்விடுவார். வண்டியை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று மனதாரச் சொல்லிவிட்டு, செலவு என்ன வரும் என்பதை மட்டும் எண்ணிச் சொல்ல வேண்டும்.

எண்ணிச் சொல்ல வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டும். காலையில் போங்கள், வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்படி முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் காட்டிக்கொடுக்கும் ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் நீலப் புகை வந்து நிற்காமல் போனால் ஆயில் எரிகிறது. இன்ஜின் வேலை காத்திருக்கிறது, பேரமே வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் வந்து தட்டி நின்றால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) போய்விட்டது. ஹேண்டில்பார் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பி முட்டும் இடத்தில், அந்த ஸ்டாப்பர் நசுங்கியோ பெயின்ட் உதிர்ந்தோ இருந்தால் முன்பக்கம் பலமாக அடிபட்ட வண்டி.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. மீட்டர் 18,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் 2020 வண்டியில் 2024-இல் செய்த டயர் இரண்டும் கிடக்கின்றன என்றால், மீட்டரைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் பொய் சொல்லாது. மழமழவென்று தேய்ந்திருந்தால் 18,000 அல்ல. சர்வீஸ் பில் இருந்தால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம். பில்களைக் கட்டி வைத்திருக்கும் ஓனருக்கு இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

அவர் போட்ட அலங்காரச் செலவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அலாய் சக்கரம், கிராஷ் கார்டு, வேறு சைலன்சர் எல்லாம் அவர் ஆசைக்குச் செய்தவை. சத்தம் போடும் சைலன்சர் உங்களுக்கு அபராதத்தைத்தான் தரும். ஒரிஜினல் சைலன்சர் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டு அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓனரிடம் எடுபடும் சரக்கு உங்களிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று, உடனே பணம். விளம்பரம் போட்ட நாளிலிருந்து "கடைசி விலை என்ன" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்களால் அவர் சலித்திருப்பார். வீடு தேடி வந்து, ஓட்டிப் பார்த்து, இன்றே முடிக்கிறேன் என்கிறவர் அவருக்கு வரம். இரண்டாவது, பெயர் மாற்றம். இதன் அருமை பல விற்பனையாளர்களுக்கே தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார் பல கை மாறியிருந்தது. பதிவேட்டில் பெயர் மட்டும் முதல் ஓனருடையது. விபத்து இழப்பீட்டுக்கு, பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். வண்டியை விற்றுப் பணத்தை வாங்கிவிட்டு, கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கொடுத்தனுப்புகிறவர் இந்த ஆபத்தோடுதான் தூங்கப் போகிறார். "அண்ணே, திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே ஆர்டிஓ அலுவலகம் போவோம், மாற்றிவிட்டுத்தான் மறுவேலை" என்று சொல்லும் வாங்குபவருக்கு இரண்டு மூவாயிரம் குறைத்துக் கொடுப்பது அவருக்கே லாபம். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஏஜென்ட் வைத்தால்தான் ஆயிரங்களில் போகும்.

விலை எவ்வளவு இறங்கினாலும் எழுந்து வந்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் கடன், இன்சூரன்ஸ் நிலை தெரிந்துவிடும்; போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-செலான் தளத்தில் பார்க்கலாம். ஆர்சியில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் நின்றால், "கடன் எப்போதோ முடிந்துவிட்டது" என்ற பேச்சு செல்லாது. அந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கையில் வர வேண்டும். அப்பா பெயரில் உள்ள வண்டி, அப்பா காலமாகிவிட்டார், மகன் விற்கிறார் என்றால், படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். கர்நாடகம், புதுச்சேரி எண் கொண்ட வண்டி மலிவாகத் தோன்றும்; தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வாழ்நாள் வரி இரண்டையும் கூட்டினால் மலிவு கரைந்துவிடும்.

மற்ற இரண்டு வழிகள்

கம்பெனிகளே நடத்தும் பழைய வண்டிப் பிரிவுகளில், ராயல் என்ஃபீல்டின் ரீஓன் மாதிரி, சோதித்து வாரன்டியோடு கொடுக்கிறார்கள். விலை கூடுதல், பேரத்துக்கு இடம் குறைவு. பேரம் பேசக் கூச்சப்படுகிறவருக்கு அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை. ஃபைனான்ஸ் ஏலத்தில் விலை மிகக் குறைவு. பல இடங்களில் ஓட்டிப் பார்க்க முடியாது, சாவியே இருக்காது. அது கன்சல்டிங்காரர்களின் களம். முதல் முறை வாங்குகிறவர் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூட்டிப் பார்த்தால்

2021-இல் பதிவான 125 சிசி பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடையில் 68,000 சொல்லி, பெயர் மாற்றத்தோடும் புதுப் பின் டயரோடும் 65,000-க்குப் படிகிறது. ஓனர் 62,000 சொல்லி 58,500-க்கு வருகிறார். வித்தியாசம் 6,500. ஓனர் வண்டிக்கு டயரும் செயினும் 4,000, நீங்களே அலைந்து செய்யும் பெயர் மாற்றத்துக்கு 500 என்றால் 63,000. இன்சூரன்ஸ் இரண்டு பக்கமும் பொது. 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால் 2021 வண்டியின் காப்பீடு 2026-இல் முடிந்துவிடும். 2022 அறிவிப்பின்படி 75 முதல் 150 சிசி வரை அந்தக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஓனருடைய நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும். "போனஸ் 50 சதவீதம் இருக்கிறது" என்று அவர் சொன்னால் அதற்கு விலை கொடுக்காதீர்கள்.

ஆக மிச்சம் 2,000 ரூபாய்தான். உடன் வர நம்பிக்கையான மெக்கானிக் இருந்து, அரைநாள் ஆர்டிஓ வாசலில் நிற்கவும் முடிந்தால் நான் ஓனரிடம்தான் போவேன். அந்த 2,000-க்காக மட்டும் அல்ல. வண்டி எங்கே நின்றது, யார் ஓட்டினார், ஏன் விற்கிறார் என்ற விவரம் அந்த வாசலில்தான் கிடைக்கும். மெக்கானிக் இல்லை, தவணையில்தான் வாங்க முடியும், வேலைக்குப் போக அடுத்த வாரமே வண்டி வேண்டும் என்றால் சான்று பெற்ற, உள்ளூரில் பல வருடமாக இருக்கும் கன்சல்டிங் கடைக்குப் போகலாம். முன்பின் தெரியாத ஓனர், மெக்கானிக் இல்லை, விலை மட்டும் மிகக் குறைவு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பேரம் படிந்ததும் அட்வான்சைச் சிறியதாக, யுபிஐ வழியாகக் கொடுங்கள்; வண்டி எண்ணைக் குறிப்பில் எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வேண்டும். பாக்கிப் பணம் கைமாறும் முன் ஸ்டியரிங் பக்கம் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். பெயர் மாற்றப் படிவத்துக்கும் அது தேவைப்படும், ஆர்சியோடு ஒப்பிடவும் உதவும். பிறகு டெலிவரி நோட் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதில் தேதியோடு நேரத்தையும் குறிப்பிடுங்கள்: மாலை 4.30-க்கு வண்டி கைமாறியது என்று எழுதியிருந்தால், அன்று காலை சிக்னல் தாண்டியதற்கு வரும் அபராதம் பழைய ஓனருடையது என்று காட்டிவிடலாம்.